புற்றுநோயாளிக்கு ஒப்பனை எதற்கு?

கீமோ தொடங்குவதற்கு முன் டாக்டர் பக்கவிளைவுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவார். வாந்தி வரும், மாத்திரை தருகிறோம். வாயில் புண் வரலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. காய்ச்சல் வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் உடனே வந்துவிடுங்கள். நோயாளி நாற்காலியை விட்டு எழும் நேரத்தில் கடைசியாக ஒரு வரி: "முடி கொட்டும். கவலைப்படாதீங்க, மறுபடி வளர்ந்துடும்." மருத்துவக் கணக்கில் அந்த வரிக்கு அவ்வளவு இடம் போதும். முடி கொட்டி யாரும் இறப்பதில்லை. ஆனால் அறையை விட்டு வெளியே வரும் பெண்ணின் மனத்தில் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய், அந்த ஒரு வரிதான் நிற்கிறது.

இது வெறும் ஊகமில்லை. 1983ல் ஆஸ்திரேலியாவில் ஆலன் கோட்ஸ் தலைமையில் ஒரு மருத்துவர் குழு, கீமோ எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் எந்தப் பக்கவிளைவு உங்களை அதிகமாக வாட்டுகிறது என்று கேட்டு வரிசைப்படுத்தியது. முதலிடம் வாந்திக்கு, இரண்டாமிடம் குமட்டலுக்கு, மூன்றாமிடம் முடி உதிர்வுக்கு. 1990களில் ஒண்டான்செட்ரான் போன்ற மருந்துகள் வந்து வாந்தியைப் பெருமளவு அடக்கிவிட்டன. முடி உதிர்வுக்கு அப்படி ஒரு மாத்திரை இன்றுவரை வரவில்லை. 2001ல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, பெண் நோயாளிகளில் 47 விழுக்காட்டினர் சிகிச்சையிலேயே மிகக் கொடுமையானது முடி போவதுதான் என்றார்கள். 8 விழுக்காட்டினர் அதற்குப் பயந்து கீமோவே வேண்டாம் என்று சொல்லிவிடும் நிலையில் இருந்தார்கள். நூற்றில் எட்டுப் பேர் உயிர் காக்கும் மருந்தை மறுக்க யோசிக்கிறார்கள் என்றால், அது அழகைப் பற்றிய கவலை மட்டும்தானா? சிகிச்சையே அங்கே ஆட்டம் காண்கிறது.

இந்த இடத்தில்தான் ஒப்பனையும் சரும, முடி, நகப் பராமரிப்பும் மருத்துவமனைக்குள் வருகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், தென்கொரியா என்று பல நாடுகளில் இது நோயாளிக்கு மனத்துணை தரும் ஒரு முறையாக வளர்ந்திருக்கிறது. அது உண்மையிலேயே உதவுகிறதா, எந்த அளவுக்கு, யாருக்கு, எங்கே அது தவறாகப் போகிறது, நம் ஊரில் அதற்கு என்ன வடிவம் வேண்டும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

உடலில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கீமோ மருந்துகளில் பல, வேகமாகப் பிளவுபடும் செல்களைக் குறிவைத்து அழிக்கின்றன. புற்றுச் செல் வேகமாகப் பிளவுபடுகிறது. முடியின் வேரில் இருக்கும் செல்லும் அப்படித்தான். மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. தலைமுடியில் நூற்றுக்கு 85 முதல் 90 வரை எந்த நேரத்திலும் வளரும் பருவத்தில் இருப்பதால், அடி மொத்தமாக விழுகிறது. டாக்ஸோரூபிசின், பாக்ளிடாக்ஸல், டோசிடாக்ஸல் போன்றவற்றில் இது ஏறக்குறைய உறுதி. முதல் ஊசி போட்ட இரண்டு மூன்று வாரத்தில் தலையணையில், சீப்பில், குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். உச்சந்தலை தொட்டால் வலிக்கும். பிறகு புருவமும் இமைமுடியும் போகும். சிலருக்கு நகம் கறுத்து சதையிலிருந்து எழும்பும். கேப்சிடபைன் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோலுரியும். கதிர்வீச்சு பட்ட இடம் வெந்தது போலக் கறுத்துப் போகும்.

இதில் முடியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஒருவரை நோயாளி என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் புருவம்தான். தலையைத் துணியால் மூடிக்கொள்ளலாம். புருவமும் இமைமுடியும் இல்லாத முகத்தில் கண்ணுக்குச் சட்டமே இல்லாமல் போய்விடுகிறது. தெரிந்தவர்களே ஒரு கணம் யோசித்துத்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அந்த ஒரு கணத்தை நோயாளி கவனித்துவிடுகிறார்.

நம் ஊரில் இந்த இழப்புக்குத் தனிக் கனம் உண்டு. தலைநிறையப் பூ வைத்து, நெற்றியில் பொட்டிட்டு நிற்பதே மங்கலம் என்று பழகிய சமூகம் இது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை சில சாதிகளில் கணவனை இழந்த பெண்ணின் தலையை மழித்தார்கள். அந்த நினைவு இன்னும் முழுதாக மறையவில்லை. கட்டிய கணவன் பக்கத்தில் இருக்கும்போதே தலை வெறுமையாகிப் போன பெண்ணைப் பார்க்கும் மாமியாருக்கோ பெரியம்மாவுக்கோ வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பயம் வருகிறது. அது அந்தப் பெண்ணுக்கும் தெரிகிறது. பூக்காரம்மா வாசலில் வந்து குரல் கொடுக்கும்போது அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஆண்களுக்கும் இது உண்டு, யாரும் பேசுவதில்லை. இருபது வயதிலிருந்து மீசையோடு வாழ்ந்த மனிதர் மீசை கொட்டிய முகத்தோடு கடையில் கல்லாவில் உட்கார மறுப்பதை வீட்டில் உள்ளவர்கள் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் இதே மண்ணில் ஒரு மாற்று வழியும் இருக்கிறது. மொட்டை நம்மிடம் வேண்டுதலுக்கும் உரியது. தலையில் முடியில்லாத பெண்ணைப் பார்த்து "பழனிக்கா, திருத்தணிக்கா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. பலர் ஆமாம் என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். முதல் ஊசிக்கு முன்பே குலதெய்வம் கோயிலுக்குப் போய் முடி இறக்கிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். முடி தானாகக் கொட்டி அவமானப்படுத்துவதற்குள் தன் கையால் அதைக் கொடுத்துவிடுவது எவ்வளவு பெரிய மன உறுதி! மேலைநாட்டுப் புற்றுநோய் மையங்களில் முடியை முன்கூட்டியே குட்டையாக வெட்டிக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். எப்படியும் நடக்கப்போவதை எப்போது, எப்படி என்று தானே தீர்மானிக்கும்போது பாதிப் பயம் போய்விடுகிறது.

என் கருத்தில் இந்த விஷயம் முழுவதற்கும் மையம் இதுதான். நமக்கு ஒரு நோய் இருக்கிறது என்பதை யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது நம் கையில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிக்கு அந்த உரிமை இருக்கிறது. இதய நோயாளிக்கு இருக்கிறது. புற்றுநோயாளிக்கு முடி கொட்டிய அன்றோடு அது போய்விடுகிறது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அம்மாக்கள் என்று முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் தன் நோயைச் சொல்லிக்கொண்டேதான் தெருவில் நடக்க வேண்டியிருக்கிறது. வரைந்த புருவமும் தலைக்குப் பொருந்திய விக்கும் திருப்பித் தருவது அந்த உரிமையை. இந்த வகை உதவிகளை எடைபோட எனக்கு வேறு அளவுகோல் தேவைப்படவில்லை.

இதன் வரலாற்றில் முதலில் நிற்பவர் ஒரு பொம்மைத் தயாரிப்பாளர். பார்பி பொம்மையை உருவாக்கிய ரூத் ஹேண்ட்லருக்கு 1970ல் மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். கடைகளில் கிடைத்த செயற்கை மார்பகங்கள் உருண்டைகளாக, இடது வலது வேறுபாடுகூட இல்லாமல் இருந்தன. அவரே முன்வந்து, 'நியர்லி மீ' என்ற பெயரில் உண்மையான வடிவமும் எடையும் கொண்டவற்றைத் தயாரித்து, ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்குப் பொருத்திக் காட்டினார். அமெரிக்க அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டும் அவரிடம் பொருத்திக்கொண்டவர்களில் ஒருவர். எடை என்பது இதில் சின்ன விஷயமில்லை. ஒரு பக்கம் மட்டும் பாரம் குறைந்தால் தோள் சாய்ந்து கழுத்தும் முதுகும் வலிக்கத் தொடங்கும். ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் நம் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வலி ஏன் வருகிறது என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த திருப்பம் 1987ல். அமெரிக்காவில் ஒரு மருத்துவர், ஒப்பனைப் பொருள் தயாரிப்பாளர் சங்கத்தின் தலைவர் எட் கவனாவைத் தொடர்புகொண்டு, சிகிச்சையால் உருமாறிப் போய் அறையை விட்டே வெளியே வர மறுக்கும் ஒரு பெண்ணுக்கு உதவ முடியுமா என்று கேட்டார். ஒப்பனைக் கலைஞர் ஒருவர் பொருட்களோடு போனார். அந்தப் பெண்ணிடம் தெரிந்த மாற்றம் 1989ல் 'லுக் குட் ஃபீல் பெட்டர்' என்ற அமைப்பாக வளர்ந்தது. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகமும் அழகுக்கலைஞர் சங்கமும் கைகோத்தன. இன்று இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அது நடக்கிறது, நோயாளிக்குக் கட்டணமில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஏழெட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார, பயிற்சி பெற்ற அழகுக்கலைஞர் முகம் கழுவுவதிலிருந்து விக் அணிவது வரை சொல்லித் தருகிறார்.

அங்கே புருவம் வரையக் கற்றுத்தரும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு பென்சிலை மூக்கின் ஓரத்தில் நேராக நிறுத்துகிறார்கள். அது கண்ணின் உள்முனையைத் தாண்டி நெற்றியைத் தொடும் இடத்தில் ஒரு புள்ளி. புருவம் அங்கே தொடங்க வேண்டும். பென்சிலைக் கருவிழியின் வெளிவிளிம்புப் பக்கம் சாய்த்தால் இரண்டாவது புள்ளி, அங்கே வளைவு. கண்ணின் வெளிமுனைக்குச் சாய்த்தால் மூன்றாவது. அங்கே முடிய வேண்டும். பிறகு ஒரே கோடாக இழுக்காமல், முடி முடியாகச் சின்னச் சின்னக் கீற்றுகளால் மூன்று புள்ளிகளையும் சேர்க்கிறார்கள். முதல் பக்கத்தைக் கலைஞர் வரைவார், இரண்டாவது பக்கத்தை நோயாளியே வரைய வேண்டும். கீமோவுக்குப் பிறகு கை நடுங்கும். முதல் முறை கோணலாக வரும், பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தான் வரும், இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். மாதக்கணக்கில் எல்லாவற்றையும் அடுத்தவர் செய்யத் தன் உடம்பைக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தன் முகத்தில் தானே ஒன்றைச் செய்கிறார்.

ஜப்பான் இதை வேறு விதமாக அணுகியது. ஷிசெய்டோ நிறுவனம் 1956லேயே போர்க்காலத் தீக்காயத் தழும்புகளை மறைக்க ஒரு பூச்சைக் கொண்டுவந்திருந்தது. 2006ல் தோக்கியோவின் கின்சாவில், புற்றுநோய்ச் சிகிச்சையின் தடயங்கள் உட்பட எல்லாத் தோற்ற மாற்றங்களுக்கும் தனி ஆலோசனை மையம் திறந்தது. 2013ல் தோக்கியோ தேசியப் புற்றுநோய் மைய மருத்துவமனை, கேய்கோ நோசாவா என்ற உளவியலாளரின் முயற்சியில், தோற்றப் பராமரிப்புக்கென்றே ஒரு பிரிவைத் தன் கட்டடத்துக்குள் தொடங்கியது. இந்தத் துறைக்கு மருத்துவர்கள் சேர்ந்து எழுதிய வழிகாட்டி நெறிமுறைகள் அங்கே இருக்கின்றன. பல நகராட்சிகள் விக் வாங்க மானியம் தருகின்றன. பிரான்சில் தூர் நகர மருத்துவமனையை ஒட்டி 1970களின் இறுதியில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, மருத்துவமனைகளில் வேலை செய்வதற்கென்றே அழகுக்கலைஞர்களைத் தயார் செய்கிறது. அமெரிக்கத் திட்டம் நிறுவனங்களின் நன்கொடையில் ஓடுகிறது. ஜப்பானியத் திட்டம் மருத்துவமனையின் பொறுப்பாக இருக்கிறது. இந்த வேறுபாடு முக்கியம். நன்கொடை என்றைக்கு வேண்டுமானாலும் நிற்கலாம்.

சரி, இதனால் மனத்துக்கு உண்மையிலேயே பலன் உண்டா? ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சிறியவை. 2008ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 100 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. மருத்துவமனையில் அழகுப் பராமரிப்பு பெற்றவர்கள் தங்கள் உடலை ஏற்றுக்கொள்வதில் மற்றவர்களைவிட மேலான நிலையில் இருந்தார்கள். 2009ல் கனடாவில், பயிலரங்குக்குப் பின் பெண்களின் தன்னம்பிக்கையும் மற்றவர்களோடு பழகும் விருப்பமும் கூடின என்று கண்டார்கள். 2019ல் சுவிட்சர்லாந்தில் ஆரம்பக்கட்ட மார்பகப் புற்றுநோய் உள்ள 39 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வில், ஒப்பனைப் பயிற்சியும் புகைப்பட அமர்வும் பெற்றவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன.

இவற்றை வைத்துக்கொண்டு மிகைப்படுத்தக் கூடாது. 39 பேரும் 100 பேரும் பெரிய எண்ணிக்கை இல்லை. மருந்தை மறைத்துக் கொடுப்பது போல ஒப்பனையை மறைத்துக் கொடுக்க முடியாது. விருப்பப்பட்டு வருகிறவர்களே பெரும்பாலும் ஆய்வில் சேர்கிறார்கள். சில வாரங்களுக்குப் பிறகு என்ன ஆகிறது என்பது பல ஆய்வுகளில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: பலன் தந்தது மையா, மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மற்ற மொட்டைத் தலைகளா, முகத்தைத் தொட்ட கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் அந்தக் கையைத்தான் பெரிதாக நினைக்கிறேன். புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தையைத் தூக்கிக் கொடுக்கத் தயங்குகிறார்கள். அப்படிப்பட்டவரின் கன்னத்தை ஊசி போடுவதற்கோ கட்டியைத் தடவிப் பார்ப்பதற்கோ இல்லாமல் இன்னொரு மனிதர் அன்போடு தொடுவது எத்தனை மாதத்துக்குப் பிறகு நடக்கிறதோ! உயிரை நீட்டிக்கும் என்று இந்த முறைக்கு யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம். தெருவில் இறங்கி நடக்கும் தைரியம் தரும் என்றால் நம்பலாம்.

இந்த முறைக்கு வந்த எதிர்ப்புகளில் கனமானது கறுப்பினக் கவிஞர் ஆட்ரே லார்டினுடையது. மார்பகத்தை எடுத்த பிறகு மருத்துவமனைக் கட்டிலுக்கே வந்து ஒரு தன்னார்வலர் அவருக்குப் பஞ்சு மார்பகம் ஒன்றைக் கொடுத்தார். அவர் அதை வைத்துக்கொள்ள மறுத்தார். மறுபரிசோதனைக்கு ஒற்றை மார்போடு போனபோது, இது மருத்துவரின் அலுவலகத்தில் இருப்பவர்களின் மன உறுதியைக் குலைக்கும் என்று செவிலியர் கண்டித்தார். 1980ல் வெளியான 'த கேன்சர் ஜர்னல்ஸ்' நூலில் லார்ட் கோபத்தோடு கேட்பது இதைத்தான்: நாங்கள் மறைத்துக்கொண்டே இருந்தால், எங்களைப் போன்ற இன்னொருத்தியை எப்படி அடையாளம் காண்போம்? 1993ல் மட்டுஷ்கா என்ற கலைஞர் தன் அறுவைத் தழும்பைத் திறந்து காட்டி எடுத்த படம் நியூயார்க் டைம்ஸ் இதழின் அட்டையில் வந்தபோது அந்தக் கேள்வி வீடு வீடாகப் போனது. 2001ல் எழுத்தாளர் பார்பரா எரன்ரைக், புற்றுநோய் வந்த பெண்ணைச் சிரிக்கவும் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டவும் சொல்லும் வணிகக் கலாசாரத்தைக் கடுமையாகச் சாடினார். அவருடைய குற்றச்சாட்டில் ஒப்பனைப் பயிலரங்குகளும் அடக்கம்.

இந்த விமர்சனம் நம் சமூகத்துக்கு வேறு வழியாகப் பொருந்துகிறது. இங்கே மறைக்கச் சொல்வது குடும்பம். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் சம்பந்தம் போய்விடும் என்று விக்கை மாட்டிவிட்டு, உட்கார முடியாத உடம்போடு அம்மாவைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த விக் அவளுக்கு விலங்கு. அதே விக்கை, மறுபடி வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் தானே கேட்டு வாங்கினால், அது துணை. லார்டும் சரி, புருவம் வரையக் கற்றுக்கொள்ளும் பெண்ணும் சரி. இருவரில் யாரையும் மற்றவருடைய வழிக்குத் தள்ளக் கூடாது.

இதைத் தமிழ் ரசிகர்கள் நேரடியாகப் பார்த்த ஓர் உதாரணம் உண்டு. 'காதலர் தினம்' நாயகி சோனாலி பிந்த்ரே 2018ல் தனக்குப் புற்றுநோய் என்று அறிவித்து, சிகிச்சையின்போது மொட்டைத் தலையோடு எடுத்த படங்களையும் வெளியிட்டார், விக் அணிந்த படங்களையும் வெளியிட்டார். அந்தந்த நாளுக்கு எது வேண்டுமோ அது. நம் திரைப்படங்களில் புற்றுநோய் வந்த பாத்திரம் இருமி, ரத்தம் கக்கி, கலையாத தலைமுடியோடு சாகும். நோயோடு வாழ்கிறவரின் முகம் எப்படி இருக்கும் என்பதைத் திரையில் நாம் அதிகம் பார்த்ததே இல்லை. நடிகை கௌதமி தன் நோயைப் பற்றி மேடைகளில் வெளிப்படையாகப் பேசியதும், 'லைஃப் அகெய்ன்' அறக்கட்டளையைத் தொடங்கியதும் அந்த வகையில் பெரிய உதவி.

இனி நம் நிலவரம். 2022ஆம் ஆண்டின் உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு இந்தியாவில் அந்த ஆண்டில் ஏறக்குறைய 14 லட்சம் புதிய நோயாளிகள் என்று மதிப்பிடுகிறது. மார்பகப் புற்றுநோய் மட்டும் 1.92 லட்சம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அந்த அளவுக்கு வழிகாட்டி நமக்குள்ளேயே உண்டு. ஆனால் பெரும்பாலான மருத்துவமனைகளில் தோற்றம் பற்றிய ஆலோசனை என்பது, ஊசி போடும் செவிலியர் தன் மனசுப்படி சொல்லும் இரண்டு வார்த்தைகள்தான்.

விக்கின் கதை இதில் மனத்தை உறுத்துவது. உலகச் சந்தையில் தரமான மனித முடி என்றால் இந்தியக் கோயில் முடிக்குத்தான் மதிப்பு. திருப்பதியிலும் பழனியிலும் திருத்தணியிலும் சமயபுரத்திலும் இறக்கும் முடி ஏலத்துக்குப் போய், சுத்தம் செய்யப்பட்டு, கோடிக்கணக்கான ரூபாய்க்கு வெளிநாடு போகிறது. சென்னை அந்த ஏற்றுமதியின் முக்கிய மையங்களில் ஒன்று. 2021ல் தமிழக அறநிலையத் துறை, கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. நல்ல முடிவு. அதே காணிக்கை முடியில் ஒரு சிறு பங்கை அரசு மருத்துவமனைப் புற்றுநோய்ப் பிரிவுகளுக்கு விக்குகளாகத் திருப்பித் தர முடியாதா? மனித முடி விக் பல்லாயிரம் ரூபாய் விலை போகிறது. கூலி வேலைக்குப் போகும் பெண் அந்தக் கடைப் பக்கமே போக மாட்டாள். சென்னையில் செரியன் அறக்கட்டளை போன்றவை கல்லூரி மாணவிகளிடம் கூந்தல் தானம் பெற்று இலவச விக் செய்து தருகின்றன. கேரளத்திலும் மும்பையிலும் இப்படிப் பல முயற்சிகள் உண்டு. ஆனால் ஒரு விக்குக்குப் பலருடைய கூந்தல் வேண்டும். தானத்தை மட்டும் நம்பி இந்தத் தேவையை ஈடுகட்ட முடியாது. சித்திரை வெயிலில் விக் வேர்த்துக் கொட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பலருக்கு மென்மையான பருத்தித் தொப்பியோ ஸ்கார்ஃபோ போதும்.

முடி உதிர்வதையே தடுக்கும் குளிர்தொப்பி பற்றிக் கேட்கிறவர்கள் உண்டு. ஊசிக்கு முன்பும், ஊசி ஏறும்போதும், பிறகு ஒன்றரை மணி நேரம் வரையிலும் தலையைக் கடுமையாகக் குளிர வைத்தால் ரத்த ஓட்டம் குறைந்து, வேருக்குப் போகும் மருந்தும் குறைகிறது. 2017ல் வெளியான அமெரிக்க ஆய்வில் குளிர்தொப்பி அணிந்தவர்களில் 50.5 விழுக்காட்டினர் முடியைப் பெருமளவு காப்பாற்றிக்கொண்டார்கள். அணியாதவர்களில் ஒருவர்கூட இல்லை. ரத்தப் புற்றுநோய்க்கு இது ஆகாது. நம் நாட்டில் பெரும்பாலும் சில தனியார் மருத்துவமனைகளில், காசுள்ளவர்களுக்குக் கிடைக்கிறது. இதற்கு நேர்மாறான உதாரணம் டெல்லி எய்ம்ஸிலிருந்து வந்தது. கேப்சிடபைன் சாப்பிடுகிறவர்களின் கை காலில், மூட்டு வலிக்குத் தடவும் சாதாரண டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பார்த்தார்கள். 2024ல் வெளியான முடிவின்படி, மிதமான, கடுமையான தோல் பாதிப்பு 15 விழுக்காட்டிலிருந்து 3.8 ஆகக் குறைந்தது. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் ஒரு ஜெல்.

ஒப்பனை தீங்காகவும் முடியும் என்பதால் சில எச்சரிக்கைகள். கீமோவின்போது வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பார்லரில் திரெடிங், வாக்ஸிங், நக ஓரச் சதையை வெட்டும் பெடிக்யூர் எதுவும் வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத கீறல் போதும், கிருமி உள்ளே போக. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கத்துக் கையில் அழுத்தி மசாஜ் செய்யக் கூடாது, வீக்கம் வரலாம். பழைய மை, மஸ்காராவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும், யாரோடும் பகிரக் கூடாது. கதிர்வீச்சு கொடுக்கும் இடத்தில் வரைந்த கோடுகளைத் தேய்த்து அழிக்கக் கூடாது. அங்கே மஞ்சளோ சந்தனமோ எண்ணெயோ டாக்டரைக் கேட்காமல் பூச வேண்டாம். ஸ்டிக்கர் பொட்டின் பசை மெலிந்த தோலை அரிக்கும், சிலருக்கு வெள்ளைத் திட்டே விழும். குங்குமமோ சாந்தோ சரியா என்று முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் மருதாணியும் நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் அளவைத் தவறாகக் காட்டலாம். எல்லாவற்றையும்விட, கறுத்துப் போனதற்குப் பயந்து கடையில் சிவப்பழகு கிரீம் வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது, சிலவற்றில் பாதரசமும். மருந்தால் வந்த கறுப்பு பெரும்பாலும் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் மங்கிவிடும்.

குணமாகப் போகிறவர்களைப் பற்றியே இதுவரை பேசினேன். குணமாகாதவர்களுக்கு இது இன்னும் அதிகமாகத் தேவை, அங்கேதான் நாம் முதலில் கைவிடுகிறோம். வாய்ப் புற்றுநோய் நம் ஆண்களிடையே மிக அதிகம். தாடையை எடுத்த முகத்தோடு வாழ்கிறவர்கள், கன்னத்தில் ஆறாத புண்ணோடு இருக்கிறவர்கள் எத்தனையோ பேர். அவர்களை வீட்டின் பின்கட்டுக்கு ஒதுக்குவது பெரும்பாலும் நாற்றம்தான். அதற்கு எளிய வழி உண்டு: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடியாக்கிப் புண்ணில் தூவிக் கட்டுவது. வலி நிவாரணப் பணியில் இருக்கும் செவிலியர்களுக்கு இது அன்றாட வேலை. சில நாட்களில் நாற்றம் அடங்கும், பேரப்பிள்ளைகள் மறுபடி கட்டிலருகே வருவார்கள். பிறகு ஒரு நாவிதரை வீட்டுக்கு அழைத்து முகத்தைச் சவரம் செய்து, நகம் வெட்டி, வெளுத்த சட்டையைப் போட்டுவிட்டால், பார்க்க வருகிறவர்கள் புண்ணைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்துப் பேசுவார்கள். லிப்ஸ்டிக்கும் புருவ மையும் செய்வதைத்தான் இங்கே சவரக்கத்தி செய்கிறது. இதை அழகுப் பராமரிப்பு என்று சொல்லத் தயங்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அரசுக்கும் மருத்துவமனை நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் பெரிதாக ஒன்றுமில்லை. புற்றுநோய்ப் பிரிவு ஒவ்வொன்றிலும் ஒரு செவிலியருக்கு இதில் பயிற்சி கொடுங்கள். முதல் கீமோவுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி முடி, புருவம், நகம், தோல் பற்றித் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு விக்கையும் செயற்கை மார்பகத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே, இலவசமாகக் கொடுங்கள். வார்டில் ஒரு நல்ல கண்ணாடி மாட்டுங்கள், ஆனால் பார்க்க விரும்பாதவர் கட்டிலுக்கு நேரே வேண்டாம்.

வாசகர்களுக்கு ஒன்று. உங்கள் உறவிலோ தெருவிலோ யாராவது கீமோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். பார்க்கப் போகும்போது "என்ன இப்படிக் கறுத்துப் போயிட்டே", "இந்தத் தலையைப் பார்க்கவே மனசு தாங்கலே" என்ற பேச்சு வேண்டாம். ஆர்லிக்ஸும் ஆப்பிளும் எல்லோரும் வாங்கிப் போகிறார்கள். நீங்கள் ஒரு பருத்தி ஸ்கார்ஃப் வாங்கிப் போங்கள், வேண்டுமா, என்ன நிறம் பிடிக்கும் என்று முதலில் அவரிடம் கேட்டுவிட்டு.